கண்டி டவுன் பழைய வீட்டுக்கு மாடி ஏத்தலாமா?

கண்டி டவுனுக்குள்ள, தலதா மாளிகைக்குக் கொஞ்ச தூரத்துல தாத்தா காலத்து ஓட்டு வீடு ஒண்ணு இருக்குன்னு ஒரு தம்பி போட்டோவும் அனுப்பிக் கேட்டிருக்காரு. ஓட்டைக் கழட்டி தகரம் போட்டு, முன்பக்கம் ஷட்டர் வெச்சு, மேல ஒரு மாடி ஏத்தி வெளிநாட்டுக்காரங்களுக்கு ரூம் விடணுமாம், காணி உறுதி நம்ம பேர்ல இருக்கப்ப அனுமதி எதுக்குன்னு வேலை செய்யப்போற மேசன் பாஸ் சொல்றாராம்.

தம்பி, பாஸ் பேச்சைக் கேட்டு ஒரு ஓடு கூட இறக்கிடாதீங்க. 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டப்படி உங்க சொந்தக் காணின்னாலும் கட்டுறதுக்கு அனுமதிப்பத்திரம் வேணும், குடியிருக்கிற வீட்டை கெஸ்ட் ஹவுஸா மாத்துறதுக்கும் வேணும். இல்லாம கட்டினா முதல்ல நோட்டீஸ் வரும், கேக்கலைன்னா நீதவான் நீதிமன்றம் போய் இடிக்கிற உத்தரவு வரைக்கும் போகும். அதோட கண்டி 1988ல இருந்து யுனெஸ்கோ உலக மரபுரிமை நகரம், 1940ஆம் ஆண்டு தொல்பொருள் கட்டளைச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குப் பக்கத்துல கட்டுறதைக் கட்டுப்படுத்தவும் இடமிருக்கு. உங்க வீடே அப்படிப் பாதுகாக்கப்பட்ட சின்னமா இருந்தா சின்ன ரிப்பேருக்கும் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்டுத்தான் ஆகணும்.

அதனால பிளான் கீற முன்னமே மாநகர சபைக்குப் போங்க. உறுதி, சேவயர் பிளான், சோலைவரி ரசீது, தெருவுல நின்னு ரெண்டு பக்கத்து வீடும் தெரியிற மாதிரி எடுத்த போட்டோ, இவ்வளவும் கொண்டு போய், இந்த இலக்கம் எந்த வலயத்துல வருது, எவ்வளவு உயரம் விடுவாங்க, முகப்புல என்ன மாத்தலாம்னு கேளுங்க, முதல்ல பூர்வாங்க அனுமதி எடுத்துட்டு அப்புறம் பிளானுக்குக் காசு செலவழிங்க. பின்னால மேட்டை வெட்டப் போறீங்கன்னா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட மண்சரிவு அறிக்கையும் கேப்பாங்க, அதை அலைச்சல்னு நினைக்காதீங்க, நம்ம மலைக்கு அது உசிர் விஷயம்.

மாடி விஷயத்துல சட்டத்தை விட எனக்குப் பெரிய பயம் சுவர் தான். அந்தக் காலத்துச் சுவர் கல்லும் செங்கல்லும் களிமண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்தது, ஓட்டுக் கூரையைத் தாங்கத்தான் கட்டினது, அதுமேல கொங்கிரீட் தட்டு போட்டா என்னைக்காவது வெடிக்கும். சீமெந்து பூசினாலும் தப்பு, சுவர் உறிஞ்சின ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளுக்குள்ளேயே நிக்கும், நம்ம குளிருக்கு சீக்கிரமே பூஞ்சணம் பிடிச்சு பூச்சு பொரிஞ்சு கொட்டும், சுண்ணாம்புச் சாந்துதான் அதுக்கு ஒத்துவரும். பழைய டவுன் வீடெல்லாம் முன்னால ஒடுக்கமா பின்னால நீளமா போகும், உங்க போட்டோவுலயும் பின்வளவு நல்லா இருக்கு, ரூமை அங்க தாழ்வா, தனி அத்திவாரத்துல கட்டக் கேட்டுப் பாருங்க, முன் விறாந்தையும் மரத்தூணும் அப்படியே நிக்கட்டும். அதைப் பார்க்கத்தானே வெளிநாட்டுக்காரங்க இங்க வர்றாங்க, ஷட்டர் போட்ட ரூம் எல்லா டவுன்லயும் இருக்கு.

கட்டி முடிச்சதும், அனுமதிச்ச பிளான்படிதான் கட்டியிருக்குன்னு சொல்ற இணக்கச் சான்றிதழ் எடுக்காம ஆள் ஏத்தாதீங்க.

ஷட்டருக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தா இன்னைக்கே பேசி நிப்பாட்டுங்க. ஒழுகுற இடம் இருந்தா இப்போதைக்கு தார்ப்பாய் போட்டு மூடிட்டு, உக்கின கைமரம் எத்தனைன்னு எண்ணி வைங்க.