குராசோ உரிமம் பெற்ற பந்தயத் தளம் வென்ற பணத்தைத் தர மறுக்கிறது: பிரிட்டனில் இருப்பவருக்கு என்ன வழி?

கேள்வி: நான் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவன். லண்டன் ஹாரோவில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறேன். பந்தயப் பழக்கம் கைமீறிப் போனதால் சென்ற ஆண்டு கேம்ஸ்டாப்பில் (பந்தயத் தளங்களிலிருந்து தன்னைத்தானே விலக்கிக்கொள்வதற்கான பிரிட்டிஷ் பதிவுச் சேவை) 5 ஆண்டுகளுக்கு என்னை விலக்கிவைக்கும்படி பதிவு செய்தேன். சில மாதங்களுக்குப் பிறகு, கைப்பேசியில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து, குராசோ தீவின் உரிமம் பெற்றதாகக் கூறும் தளம் ஒன்றில் சேர்ந்தேன். டெபிட் கார்டு மூலம் 2,600 பவுண்டு செலுத்தினேன். இப்போது என் கணக்கில் 11,200 பவுண்டு காட்டுகிறது. அதை எடுக்கக் கேட்டபோது முதலில் பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள், பிறகு மின்கட்டண ரசீது கேட்டார்கள். இப்போது 12 சதவீத வரியாக 1,344 பவுண்டை கிரிப்டோவில் முன்கூட்டியே அனுப்பினால்தான் பணம் வரும் என்கிறார்கள். நான் செய்தது குற்றமா? வரி கட்ட வேண்டுமா? பணத்தை மீட்க முடியுமா? வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

பதில்: அன்புள்ள வாசகருக்கு, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 1,344 பவுண்டை அனுப்ப வேண்டாம். இந்தப் பதில் உங்களை வந்தடைவதற்குள் அனுப்பிவிட்டிருந்தால், அடுத்து எந்தப் பெயரில் கேட்டாலும் ஒரு பென்னிகூட அனுப்ப வேண்டாம். பிரிட்டனில் பந்தயத்தில் வென்ற பணத்துக்கு, வென்றவர் வருமான வரி செலுத்த வேண்டியதில்லை. குதிரைப் பந்தயத்தையே பிழைப்பாகக் கொண்டு வாழ்ந்த ஒருவரிடம் வரித்துறை வரி கேட்ட வழக்கில்கூட (1925-ஆம் ஆண்டின் கிரஹாம் எதிர் கிரீன்), பந்தயம் கட்டுவது வரிக்குரிய தொழில் ஆகாது என்றே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே வரி என்பது பந்தயம் நடத்தும் நிறுவனம் அரசுக்குச் செலுத்த வேண்டிய தீர்வை. ஆடியவர் தலையில் அது விழுவதில்லை. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். உண்மையிலேயே ஒரு வரி இருந்தால், உங்களுடைய 11,200 பவுண்டு அவர்கள் கையிலேயே இருக்கும்போது அதிலிருந்து கழித்துக்கொண்டு மீதியைத் தருவதுதான் முறை. கையில் இருப்பதை விட்டுவிட்டு உங்கள் பையிலிருந்து புதிதாகக் கேட்பதற்கு நேர்மையான காரணம் எதுவும் இருக்க முடியாது. முன்பணம் வாங்கி ஏமாற்றும் மோசடியின் அடையாளமே இதுதான். நீங்கள் இதை அனுப்பினால் நாளை சரிபார்ப்புக் கட்டணம் என்று வரும், மறுநாள் பரிமாற்றக் கட்டணம் என்று வரும்.

அடுத்து, குற்றம் செய்துவிட்டேனா என்ற உங்கள் பயம். இல்லை. 2005-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் சூதாட்ட வசதி செய்து தருபவரைத்தான் குற்றவாளியாக்குகிறது. அந்த வசதியைப் பயன்படுத்திப் பந்தயம் கட்டிய வயதுவந்தவரை அல்ல. ஆகவே உங்கள் பெயரில் குற்றப் பதிவு எதுவும் ஏற்படாது, குடியுரிமைக்கும் இதனால் ஆபத்து இல்லை. பொய்யான பெயரிலோ இன்னொருவரின் ஆவணங்களைக் கொண்டோ கணக்குத் தொடங்கியிருந்தால் கதை வேறு. நீங்கள் உங்கள் சொந்தப் பெயரிலேயே ஆடியிருப்பதால் அந்தச் சிக்கலும் இல்லை. (நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய மூன்றுக்குமான நிலை. வட அயர்லாந்தின் சூதாட்டச் சட்டம் தனியானது.)

ஆனால் அந்தத் தளத்தின் நிலை அப்படியல்ல. வெளிநாட்டு உரிமம் இருந்தால் போதும் என்ற எண்ணம் நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 2014 வரை ஜிப்ரால்டர், மால்டா, ஐல் ஆஃப் மேன், ஆல்டர்னி போன்ற இடங்களில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் பிரிட்டிஷ் உரிமம் இல்லாமலே இங்குள்ளவர்களுக்குப் பந்தயம் நடத்தலாம், விளம்பரமும் செய்யலாம் என்ற நிலை இருந்தது. 2014 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் அதை மாற்றிவிட்டது. சர்வர் எந்தத் தீவில் இருந்தாலும் சரி, ஆடுபவர் பிரிட்டனில் இருந்து ஆடுகிறார் என்பது நடத்துபவருக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டியதாக இருந்தால், அவர் பிரிட்டிஷ் சூதாட்ட ஆணையத்தின் உரிமம் பெற்றாக வேண்டும். வெளிநாட்டில் பதிவான நிறுவனங்கள் எல்லாமே சட்டவிரோதமானவை என்று இதற்குப் பொருளல்ல. இங்கே பெயர்பெற்ற பல நிறுவனங்கள் ஜிப்ரால்டரில் இருந்துகொண்டே பிரிட்டிஷ் உரிமமும் வைத்திருக்கின்றன. ஒரு தளத்துக்கு அந்த உரிமம் உண்டா என்பதை ஆணையத்தின் இணையதளத்திலுள்ள பொதுப் பதிவேட்டில் இரண்டு நிமிடங்களில் பார்த்துவிடலாம். நீங்கள் பெயரைக் குறிப்பிட்டிருந்த தளம் அந்தப் பதிவேட்டில் இல்லை.

குராசோ உரிமம் உண்மையானதுதானா என்பதையும் பார்க்க வேண்டும். குராசோ, வெனிசுவேலாவுக்கு வடக்கே, நெதர்லாந்து முடியரசுக்கு உட்பட்ட ஒரு தீவு. நீண்டகாலமாக அங்கே ஒருசில தலைமை உரிமதாரர்கள் தங்களுக்குக் கீழே துணை உரிமங்களைக் கொடுத்துவந்தார்கள். யார் யாருக்குப் பொறுப்பு என்பதே வெளியாருக்குப் புரியாத நிலை இருந்தது. 2024 டிசம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்த முறையை நீக்கி, அரசின் ஒழுங்குமுறை அமைப்பே நேரடியாக உரிமம் வழங்கும்படி செய்துள்ளது. தளத்தின் அடிப்பகுதியில் உள்ள முத்திரையைச் சொடுக்கினால் அது அந்த அமைப்பின் பதிவேட்டுக்குப் போகிறதா, அங்கே காணப்படும் நிறுவனப் பெயரும் விதிமுறைகளில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். வெறும் படமாக ஒட்டப்பட்ட முத்திரை எதையும் நிரூபிக்காது. உண்மையான உரிமதாரர் என்றால் அங்கே எழுத்துமூலம் புகார் அனுப்பலாம். செலவில்லாத வழி என்பதால் அதைச் செய்யுங்கள், அதில் பெரிய நம்பிக்கை மட்டும் வைக்க வேண்டாம்.

இனி நீதிமன்றம். சட்டநூல்படி பார்த்தால் உங்கள் பக்கம் வலுவானதே. சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது என்ற பழைய விதி 2007 செப்டம்பரோடு போய்விட்டது. சூதாட்டம் தொடர்பானது என்பதாலேயே ஓர் ஒப்பந்தத்தை அமல்படுத்த மறுக்க முடியாது என்று 2005-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தின் 335-ஆம் பிரிவு கூறுகிறது. உரிமமின்றி நடத்தியது அவர்கள் குற்றம். தங்கள் குற்றத்தையே காரணம் காட்டி உங்களுக்குத் தர வேண்டியதைத் தராமல் தப்ப நீதிமன்றம் எளிதில் இடம்கொடுக்காது என்பது என் கருத்து. வழக்குகள் குராசோ நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும் என்று அவர்களுடைய விதிமுறையில் எழுதியிருக்கலாம். அது உங்களைக் கட்டுப்படுத்தாது. பிரிட்டனில் உள்ளவர்களை நோக்கித் தொழில் நடத்தும் நிறுவனத்தின்மீது, அது எந்த நாட்டில் இருந்தாலும், நுகர்வோர் தான் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று 1982-ஆம் ஆண்டின் உரிமையியல் அதிகாரவரம்புச் சட்டத்தின் 15பி பிரிவு உரிமை தருகிறது. பந்தயம் கட்டுபவர் நுகர்வோரா என்ற ஐயம் வேண்டாம். ஸ்லோவேனியாவில் ஒருவர் நாளுக்குச் சராசரியாக 9 மணிநேரம் இணையத்தில் போக்கர் ஆடி ஏறத்தாழ 2,27,000 யூரோ வென்றிருந்தும், அதனால் மட்டும் அவர் நுகர்வோர் என்ற தகுதியை இழக்கமாட்டார் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020 டிசம்பரில் கூறியது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பு மால்டா நிறுவனம்.

இங்கேதான் நீங்கள் ஆடிய விதம் முக்கியமாகிறது. விபிஎன் போட்டு வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டிக்கொண்டு சேர்ந்தவருக்கு இந்த வாதம் பலவீனப்படும். நாங்கள் பிரிட்டனை நோக்கித் தொழில் நடத்தவில்லை, இவர்தான் சுவரேறிக் குதித்தார் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு விளம்பரம் உங்கள் கைப்பேசிக்கே வந்திருக்கிறது, கணக்கு பவுண்டில் இருக்கிறது, இங்குள்ள வங்கி அட்டையை அவர்கள் ஏற்றிருக்கிறார்கள். அவர்கள் பிரிட்டனில் உள்ளவர்களைத் தேடி வந்தார்கள் என்பதற்கு இவை நல்ல சான்றுகள். கணக்கை அவர்கள் மூடுவதற்கு முன், இன்றே, இருப்புத் தொகை, பந்தய வரலாறு, விதிமுறைகள், அரட்டை உரையாடல்கள், அந்த விளம்பரம் ஆகிய எல்லாவற்றையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, வழக்குத் தொடருங்கள் என்று என்னால் எளிதாகச் சொல்ல முடியவில்லை. 10,000 பவுண்டைத் தாண்டிய கோரிக்கைக்கு நீதிமன்றக் கட்டணமே 5 சதவீதம். உங்கள் தொகைக்கு 560 பவுண்டு. நிறுவனத்தின் உண்மையான பெயரையும் முகவரியையும் கண்டுபிடித்து வெளிநாட்டில் அவர்களிடம் சம்மனை முறைப்படி சேர்ப்பிக்க வேண்டும். அவர்கள் வராமலே இருந்து உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தாலும், இந்த நாட்டில் அவர்களுக்குச் சொத்து எதுவும் இல்லையென்றால் அந்தத் தீர்ப்பை வைத்து எதைப் பிடிப்பது? உரிமம் என்பதன் மதிப்பு இந்த இடத்தில்தான் தெரிகிறது. 2018-இல் இணைய பிளாக்ஜாக் விளையாட்டில் ஒருவர் 17 லட்சம் பவுண்டு வென்றபோது, மென்பொருள் கோளாறு என்று சொல்லி பெட்ஃபிரெட் என்ற பந்தய நிறுவனம் பணம் தர மறுத்தது. அவர்களுடைய விதிமுறைகள் போதுமான தெளிவும் நியாயமும் இல்லாதவை என்று கூறி, 2021-இல் உயர் நீதிமன்றம் முழுத் தொகையையும் வழங்க உத்தரவிட்டது. அதை நடத்திய நிறுவனமும் ஜிப்ரால்டரில் பதிவானதுதான். ஆனால் பிரிட்டிஷ் உரிமத்தின் கீழ் தொழில் செய்யும் நிறுவனம் என்பதால், மேல்முறையீடு இல்லாமல் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. உரிமம் பெற்ற தளமாக இருந்திருந்தால் நீங்கள் நீதிமன்றம் வரைகூடப் போக வேண்டியிருந்திருக்காது. புகார் கொடுத்து 8 வாரங்களில் தீராவிட்டால், ஐபாஸ் போன்ற நடுவர் அமைப்பிடம் கட்டணமின்றி முறையிட்டிருக்கலாம். அடையாளச் சான்றுகளையும் ஆடத் தொடங்கும் முன்பே அவர்கள் சரிபார்த்திருக்க வேண்டும். பணம் எடுக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டு இழுத்தடிக்கும் வழக்கத்துக்கு ஆணையம் 2019 மே மாதத்திலேயே தடை போட்டுவிட்டது. நீங்கள் சேர்ந்த தளம் இந்த வேலிக்கு வெளியே இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறிய நாளிலிருந்து 6 ஆண்டுகள் வரை வழக்குத் தொடரலாம் என்பதால் இன்றே முடிவெடுக்கத் தேவையில்லை. நிறுவனத்துக்கு இங்கே ஏதேனும் சொத்தோ கிளையோ இருப்பது தெரியவந்தால் மட்டும் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

நடைமுறையில் பயன் தரக்கூடிய வழி உங்கள் வங்கி. டெபிட் கார்டு மூலம் செலுத்திய 2,600 பவுண்டுக்கு சார்ஜ்பேக் (அட்டையில் செலுத்திய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறும் முறை) கேட்கலாம். இது சட்ட உரிமையல்ல, விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் விதி. காலக்கெடு பெரும்பாலும் 120 நாட்கள். சூதாட்டக் கட்டணங்களுக்கு 7995 என்ற வகைக் குறியீடு உண்டு. உரிமமில்லாத தளங்கள் இதை மறைத்து, துணிக்கடை என்றோ மென்பொருள் நிறுவனம் என்றோ கட்டணத்தைப் பதிவு செய்வதுண்டு. உங்கள் வங்கி அறிக்கையில் அப்படி அறிமுகமில்லாத கடைப்பெயர் இருந்தால் அதை வங்கியிடம் சுட்டிக்காட்டுங்கள். பணம் எடுக்க முன்கட்டணம் கேட்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் செய்துவிட வேண்டாம்: இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவே இல்லை, என் அட்டையை யாரோ பயன்படுத்திவிட்டார்கள் என்று வங்கியிடம் கூறிவிடாதீர்கள். அப்படிச் சொல்லும்படி யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் மோசடிச் சட்டப்படி அது பொய்யுரை மூலம் செய்யும் மோசடி. இதுவரை குற்றமெதுவும் செய்யாத நீங்கள் அந்த ஒரு வார்த்தையால் குற்றவாளியாகிவிடுவீர்கள். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று தாமாகவே தொடர்புகொள்ளும் முகவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ஒருமுறை ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுவதுண்டு. உங்கள் பாஸ்போர்ட் நகல் அவர்களிடம் இருப்பதால், உங்கள் பெயரில் யாரும் கடன் வாங்க முயல்கிறார்களா என்பதைக் கடன் அறிக்கைகளில் கவனித்துவாருங்கள்.

கேம்ஸ்டாப் பதிவு இருந்தும் எப்படி அனுமதித்தார்கள், அதைக் காட்டி இழப்பீடு கேட்க முடியாதா என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். 2020 மார்ச் 31 முதல் எல்லா உரிமம் பெற்ற இணையத் தளங்களும் கேம்ஸ்டாப்பில் சேர்ந்தாக வேண்டும். உரிமமில்லாதவர்களுக்கு அந்தப் பட்டியல் தெரியவே தெரியாது. அதனால்தான் 'கேம்ஸ்டாப்பில் இல்லாத தளங்கள்' என்றே விளம்பரம் செய்கிறார்கள். தன்னை விலக்கிக்கொள்ளும் மன உறுதியோடு பதிவு செய்தவரைத் தேடிப் பிடித்து மறுபடி இழுப்பதற்காகவே எழுதப்பட்ட வாசகம் அது, இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். உங்களுக்கு வந்த விளம்பரத்தையும் தளத்தின் முகவரியையும் சூதாட்ட ஆணையத்துக்கு அனுப்புங்கள். தனிநபர் பணத்தை அவர்கள் மீட்டுத் தருவதில்லை. ஆனால் உரிமமில்லாத சூதாட்டத்தை விளம்பரம் செய்வதும் குற்றமே என்பதால் அந்தத் தகவல் அவர்களுக்குத் தேவை.

வீட்டில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தோடு தொடர்புள்ள அளவில் மட்டும் இதைச் சொல்கிறேன். உங்கள் தனிப்பட்ட பந்தயக் கடனுக்கு உங்கள் மனைவி பொறுப்பல்ல. ஆனால் கூட்டுக் கணக்கில் ஓவர்டிராஃப்ட் ஏற்பட்டிருந்தால் அதன் முழுத் தொகைக்கும் இருவருமே பொறுப்பு. வீட்டுக் கடன் கேட்டு விண்ணப்பிக்கும்போது வங்கி அறிக்கையிலுள்ள பந்தயச் செலவுகள் அவர் கண்ணில் படாமல் போகாது. சார்ஜ்பேக்குக்காக வங்கியை அழைக்கும்போதே உங்கள் அட்டையில் சூதாட்டத் தடையையும் போடச் சொல்லுங்கள். குறியீட்டை மறைக்கும் தளங்களை அது நிறுத்தாது என்றாலும் மற்றவற்றை நிறுத்தும். தேசிய சூதாட்ட உதவி எண் 0808 8020 133. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். வங்கியை அழைப்பதற்கு முன், நீங்கள் முதன்முதலில் பணம் செலுத்திய தேதியை அறிக்கையில் பார்த்து, அந்த 120 நாட்களில் எத்தனை மீதியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.