தாத்தாவின் கொல்லுப்பட்டறைச் சாமான்களை எடைக்குப் போடுவதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி: தாத்தா போன பிறகு அவருடைய கொல்லுப்பட்டறைச் சாமான்கள் எங்கள் பங்குக்கு வந்திருக்கின்றன. காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் இரும்புக் கட்டையான அடைகல், சம்மட்டிகள், சூடான இரும்பைப் பிடிக்கும் குறடு ஒரு சாக்கு நிறைய, கையால் சுற்றும் துருத்தி, பாதி அடித்த அரிவாள்கள். வீட்டில் யாருக்கும் அந்த வேலை தெரியாது. என்ன செய்யலாம்?

பதில்:

அடைகல்லைக் கொடுத்துவிடுங்கள், குறடுகளை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. அடைகல் பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது என்று வரவேற்பறைக்கு வந்து பூந்தொட்டி சுமக்கிறது. குறடுகள் சாக்கோடு பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

என் அப்பா சிவகங்கை மாவட்டத்தில் பட்டறை வைத்திருந்தவர். நான் கோவையில் இரும்பைக் கம்ப்யூட்டர் கணக்கில் வெட்டும் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறேன். எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது என்பதால் சொல்கிறேன். அடைகல் விலைக்கு வாங்கியது. ஏதோ ஒரு ஏலத்திலோ, தொழிலை விட்ட இன்னொரு கொல்லரிடமோ வாங்கியிருப்பார்கள். குறடு அப்படியில்லை. அதைத் தன் கைக்கு, தன்னிடம் வந்த வேலைக்கு, கொல்லரே அடித்துக்கொள்வார். சாக்கை அவிழ்த்துக் கொட்டி ஒவ்வொன்றின் வாயையும் பாருங்கள். பட்டை பிடிக்கத் தட்டை வாய், கடப்பாரை பிடிக்க உருண்டை வாய், கோடாலியின் துளைப்பக்கம் பிடிக்க வளைந்த வாய் என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசாக இருக்கும். அப்பாவிடம் கொழு, அதாவது ஏர்க்கலப்பையின் இரும்பு முனை, பிடிக்கிற குறடு ஒன்று உண்டு. வாயின் உள்பக்கம் வழுவழுவென்று தேய்ந்து, நடுவிலிருக்கும் ஆணி மட்டும் புதுசாக இருக்கும், பழையது தளர்ந்ததால் மாற்றி அடித்தது. ஊருக்குள் டிராக்டர் வந்ததும் கொழு காய்ச்ச வருகிறவர்கள் குறைந்தார்கள், அதன் பிறகு அந்தக் குறடு சுவர் ஆணியில் தொங்கியபடியே இருந்தது. எது தேய்ந்திருக்கிறது, எது துரு மட்டும் பிடித்திருக்கிறது என்று பார்த்தாலே உங்கள் தாத்தாவிடம் என்ன வேலை அதிகம் வந்தது என்று தெரிந்துவிடும்.

நாலைந்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் போதும். துருவை எடுக்க ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, ஈரம் போகக் காயவைத்து மெஷின் ஆயில் தடவினால் சரி. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். சில்வர் பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்கப்போகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

இனி அடைகல். அது ஒரு முனை கொம்பு மாதிரி நீண்டிருக்கும் சீமை அடைகல்லா, வெறும் சதுரக் கட்டையா என்று முதலில் பாருங்கள். கொம்பு வைத்ததாக இருந்தால் பக்கவாட்டில் துருவைத் தேய்த்துப் பார்த்தால் சிலவற்றில் மூன்று எண்கள் தெரியும். அது வருஷமோ மாடல் நம்பரோ இல்லை, எடை. பழைய இங்கிலாந்துக் கணக்கில் முதல் எண் ஒன்றுக்கு 112 பவுண்டு, இரண்டாவது எண் ஒன்றுக்கு 28 பவுண்டு, மூன்றாவது உதிரிப் பவுண்டு. 1 – 2 – 14 என்று இருந்தால் 112, 56, 14 மூன்றையும் கூட்டி 182 பவுண்டு, அதாவது 82 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். பீட்டர் ரைட் என்ற பெயர் தெரிந்தால் அது இங்கிலாந்தின் டட்லி ஊரில் செய்தது. அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பெயரே இல்லாவிட்டாலும் தரம் பார்க்கலாம். பழைய பேரிங்கில் கழற்றிய எஃகுக் குண்டு ஒன்றைப் பத்து அங்குல உயரத்திலிருந்து அடைகல்லின் முகத்தில் போடுங்கள். ஏழெட்டு அங்குலம் திரும்ப எழும்பினால் நல்ல கல். மூன்று நாலு அங்குலத்தில் சோர்ந்துவிட்டால் வார்ப்பிரும்பாகவோ, தீ விபத்தில் பதம் போனதாகவோ இருக்கலாம். முகம் குண்டும் குழியுமாக இருக்கிறதே, கிரைண்டர் போட்டு வழித்துவிட்டால் நல்ல விலை வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய சீமை அடைகல்லில் உடம்பு மெத்தென்ற இரும்பு, மேலே ஒட்டியிருக்கும் எஃகுத் தகடுதான் கடினம். அதை வழித்தால் கல்லின் ஆயுளையே வழிக்கிறீர்கள். வாங்குகிற கொல்லருக்குக் குழியைச் சமாளிக்கத் தெரியும்.

கிராமத்துப் பட்டறைகளில் தண்டவாளத் துண்டே அடைகல்லாக இருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் அதை இரும்புக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966இல் ஒரு சட்டம் இருக்கிறது. தாத்தா எங்கே வாங்கினார் என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரரும் நம்பமாட்டார்.

யாருக்குக் கொடுப்பது? பெங்களூரிலும் கோவையிலும் பொழுதுபோக்காகக் கத்தி செய்கிறவர்கள் நல்ல விலை தருவார்கள். பணம்தான் முக்கியம் என்றால் அங்கே போங்கள், அதில் தப்பில்லை. நானாக இருந்தால் பக்கத்தில் உலை எரிகிற பட்டறையில்தான் முதலில் கேட்பேன். வாரச் சந்தையில் அரிவாள், களைக்கொத்தி பரப்பி வைத்திருப்பவரிடம் விசாரித்தால் யார் அடிக்கிறார்கள் என்று சொல்வார். புறவழிச்சாலை ஓரம் கொட்டகை போட்டு லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடிக்கும் வடநாட்டுக் குடும்பங்களையும் பார்த்திருப்பீர்கள். கணவன் குறட்டால் பிடிக்க, மனைவி சம்மட்டி போடுவார். பெரும்பாலும் சின்ன இரும்புக் கட்டை ஒன்றை வைத்துக்கொண்டுதான் அத்தனை வேலையும் செய்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்புக்கு ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் வயது என்று 2025 ஜனவரியில் அரசு அறிக்கை வந்தபோது ஊரே பெருமைப்பட்டது. எங்கள் பக்கம் அந்த வாரம் அடைகல் தேடி அலைந்தது அந்த மாதிரி ஒரு குடும்பம் மட்டும்தான்.

வீட்டுப் பெரியவர்கள் தடை சொல்லலாம். அடைகல் எங்களுக்குச் சாமி மாதிரி, அதன்மேல் உட்காரக்கூட விடமாட்டார்கள். எங்கள் அத்தை "விக்கிறதாப் பேசாதீங்கடா, தொழில் செய்யிறவன் கையில குடுங்க" என்றார். ஆயுத பூஜை அன்று காமாட்சியம்மனுக்கு விளக்கேற்றி, தேங்காய் உடைத்து, வெற்றிலை பாக்கோடு கொடுத்தோம். வாங்கியவர் தட்டில் தன்னால் முடிந்ததை வைத்தார். அத்தைக்கும் அதில் மனக்குறை இல்லை.

துருத்தி சுலபமாகப் போய்விடும், சோளக்கதிர் சுட்டு விற்பவர்கள்கூடக் கேட்பார்கள். சம்மட்டிகளில் கைப்பிடி காய்ந்து தலை ஆடும். ஆப்பு இறக்காமல் யாரும் ஓங்கிப் பார்க்கவேண்டாம்.

அருங்காட்சியகத்துக்குத் தரும் எண்ணம் இருந்தால், முட்டுக்காடு தட்சிணசித்ரா போன்ற இடங்களில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். வெறும் இரும்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது இன்னொரு இரும்புதான். தாத்தாவிடம் வேலை செய்துகொண்ட விவசாயிகள் யாராவது இருந்தால் எந்தச் சாமானால் என்ன செய்தார் என்று போனில் பேசச் சொல்லிப் பதிவு செய்து, தாத்தாவின் படத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

அந்தப் பாதி அடித்த அரிவாள்களை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். விவசாய வேலைக்கான கருக்கரிவாள் என்றால் பிரச்சினை இல்லை. நெட்டையான வீச்சரிவாள் ரகம் இருந்தால் முகம் தெரியாதவருக்கு விற்காதீர்கள். 2021இல் போலீஸ் பட்டறைக்காரர்களிடமே வாங்குபவர் விவரத்தைக் குறித்து வைக்கச் சொன்னது நினைவிருக்கும். அடைகல்லை வாங்குகிற கொல்லரிடமே இவற்றையும் கொடுத்தால் காய்ச்சி மண்வெட்டியோ களைக்கொத்தியோ ஆக்கிக்கொள்வார்.

அடைகல்லின் பக்கவாட்டைத் தேய்த்துவிட்டு ஒரு படம் எடுத்து இந்தப் பதிலுக்குக் கீழே பதிவிடுங்கள். எண் ஏதாவது தெரிந்தால் எடையைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.