அந்த வீட்டு முயல்

வணக்கம் அண்ணா,

நான் வீடு வீடாகப் போய் ஃபிசியோதெரபி கொடுப்பவள். ஒரு நிறுவனம் மூலமாகத்தான் போகிறேன், யார் வீட்டுக்குப் போவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். இரண்டு மாதமாக ஓர் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகான பயிற்சி. அந்த வீட்டில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கூண்டு, உள்ளே ஒரு வெள்ளை முயல். பேரனின் பிறந்தநாளுக்கு வாங்கியதாம், இப்போது அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் "மடக்குங்க, நீட்டுங்க" என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதெல்லாம் அது கம்பியைக் கடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். போன வாரம் மருமகள், "யாராவது கேட்டா சொல்லுங்க, கொடுத்துடலாம். இல்லன்னா எங்கயாவது புதர்ப் பக்கம் விட்டுடலாம்னு இவர் சொல்றாரு" என்றார். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. நானே எடுத்து வந்துவிடலாமா? நோயாளி வீட்டில் எதையும் வாங்கக் கூடாது, வேலையைத் தாண்டிய தொடர்பு கூடாது என்று எங்கள் நிறுவனத்தில் விதி இருக்கிறது. சும்மா இருக்கவும் முடியவில்லை.

பெயர் வேண்டாம்


அன்புள்ள தங்கைக்கு,

நீங்களே எடுத்து வர வேண்டாம். விதி இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அப்புறம் என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்பதும் புரிகிறது. அந்தக் கம்பிச் சத்தம்தான்.

"யாராவது கேட்டா சொல்லுங்க" என்பது பாதிப் பேர் பேச்சுக்குச் சொல்வது. நிஜமாகவே சொன்னாரா என்று தெரியாமல் நீங்கள் பாட்டுக்கு ஆள் தேடக் கிளம்பிவிடாதீர்கள். பயிற்சி முடிந்து பையைத் தோளில் மாட்டும்போது, அம்மா காதில் விழாத இடத்தில் இல்லை, அவரும் கேட்கும்படியே, ஒரு தடவை கேளுங்கள்: "முயலைக் கொடுத்துடலாம்னு சொன்னீங்களே, நிஜமாவா? பையனும் சரின்னு சொல்லிட்டானா?" அம்மாவும் கேட்கட்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாள் முழுக்க வீட்டிலேயே இருப்பவர் அவர், அந்தக் கூண்டை அதிகம் பார்ப்பவரும் அவராகத்தான் இருக்கும். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மருமகள் மழுப்பினால் விட்டுவிடுங்கள். இரண்டாவது தடவை கேட்டால் அது வேறு மாதிரி ஆகிவிடும். மாமியாரின் கால் உங்கள் கையில் இருக்கிறது, அதனால் உங்களிடம் முகத்துக்கு நேராக "முடியாது" என்று அவர்களால் சொல்ல முடியாது, சிரித்துத் தலையாட்டிவிட்டு நிறுவனத்துக்கு போன் போட்டு வேறு ஆளை அனுப்பச் சொல்வார்கள். முயலுக்கும் ஒன்றும் நடக்காது, இரண்டு மாதம் பழகிய கையை அந்த அம்மா இழப்பார்.

ஆனால் புதர் விஷயத்தை மட்டும் அன்றே சொல்லிவிடுங்கள், அது அத்துமீறல் ஆகாது. வீட்டு முயல்கள் எல்லாமே ஐரோப்பியக் காட்டு முயலின் வழியில் வந்தவை, ஆனால் எத்தனையோ தலைமுறையாக மனிதர் கையில் தின்று வளர்ந்தவை. ஒளியவும் தெரியாது, இரை தேடவும் தெரியாது, அதிலும் வெள்ளை நிறம் என்கிறீர்கள், பச்சைப் புதரில் நாய்க்கும் பருந்துக்கும் விளக்குப் போட்டுக் காட்டினது போலத்தான். "வெளியே விட்டா ரெண்டு நாள்கூடத் தாங்காதுங்க" என்றால் போதும். திட்ட வேண்டாம், அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இதே போல, பாவம் பார்த்து "கொஞ்ச நேரம் திறந்து விடுங்களேன்" என்றும் சொல்லிவிடாதீர்கள். முயலுக்கு ஓட இடம் வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் வாக்கர் பிடித்து நடக்கிறவரின் காலுக்குள் அது புகுந்தால் என்ன ஆகும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

நிஜமாகவே கொடுக்கப்போகிறார்கள் என்றால், அடுத்த அடி உங்கள் மேலதிகாரிதான். நீளமாக எழுத வேண்டாம்: "இந்த வீட்டார் தங்கள் முயலுக்கு வேறு வீடு தேடுகிறார்கள், என்னிடம் விசாரித்தார்கள், ஒரு விலங்கு நல அமைப்பின் எண்ணைக் கொடுக்கலாமா?" கூடாது என்று பதில் வந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கசக்கும், தெரியும். சரி என்றால் எண்ணைக் கொடுங்கள், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். போட்டோவும் நீங்கள் எடுக்காதீர்கள். கூண்டை எடுக்கிறேன் என்று எடுத்தால் ஓரத்தில் மருந்துப் பையும் அம்மாவின் காலும் சேர்ந்து விழும். மருமகளே எடுத்து மருமகளே போடட்டும்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். பழைய வேலையில் கூட இருந்த ஒருவரின் முயலுக்கு வீடு தேடுகிறேன் பேர்வழி என்று, அவரிடம் கேட்காமலே அலுவலக வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். மதியத்துக்குள் அவர் முயலைப் பட்டினி போட்டவர் ஆகிவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நானும் விடாமல், நல்லதுதானே செய்தேன் என்று ஒரு வாரம் வாதாடினேன். அவர் அந்த வேலையை விட்டுப் போகும்வரை என்னிடம் சரியாகப் பேசவில்லை. கடைசியில் அந்த முயல் என் வீட்டுக்கே வந்தது, ஆண் என்று சொல்லிக் கொடுத்தார்கள், மூன்றாவது வாரம் ஐந்து குட்டி போட்டது. முயலுக்குச் சினைக்காலம் ஒரு மாதம்தான், சின்ன வயதில் ஆணா பெண்ணா என்று பார்க்கத் தெரியாமல் ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

மருமகள் விவரம் கேட்டால், கேட்டால் மட்டும், இதைச் சொல்லலாம். முயல் எட்டு முதல் பன்னிரண்டு வருஷம்வரை இருக்கும், எடுக்கிறவர் அதற்குத் தயாரா என்று கேட்கச் சொல்லுங்கள். இன்னொரு குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசு என்று வருகிறவரிடம் கொடுத்தால் இதே கூண்டு இன்னொரு செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்துக்குப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். இலவசம் என்று விளம்பரம் செய்தால் பாம்புக்கு இரை தேடுகிறவர்களும் வருவார்கள், அதனால் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது. கேரட்டையே போட்டு வளர்த்திருப்பார்கள், படத்தில் எல்லாம் அப்படித்தானே காட்டுகிறார்கள். கேரட் அதற்கு மிட்டாய் மாதிரி. சாப்பாடு என்பது காய்ந்த புல், வைக்கோல் இல்லை, புல். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், நாள் முழுக்க புல்லை மென்றால்தான் தேயும். ஒரேயடியாகச் சாப்பாட்டை மாற்றினால் வயிறு கெடும், அதனால் இப்போது தின்கிறதிலேயே ஒரு வாரத்துக்கானதையும், துவைக்காத பழைய துணி ஒன்றையும் கூடவே அனுப்பச் சொல்லுங்கள், பழகிய வாசனை இருந்தால் புது இடத்தில் கொஞ்சம் அடங்கும். போன இடத்தில் அரை நாள் எதுவும் தின்னவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது, உடனே கால்நடை மருத்துவர். தூக்கும்போது காதைப் பிடித்து இல்லை, பின்பக்கத்தைத் தாங்கித் தூக்க வேண்டும், உதறினால் தன் முதுகெலும்பைத் தானே உடைத்துக்கொள்ளும் பிராணி அது.

அந்த அம்மாவின் பயிற்சி முடிந்து, அந்த வீட்டுக்கும் உங்களுக்கும் வேலைத் தொடர்பு இல்லை என்றான பிறகும் முயல் அங்கேயே இருந்தால், நிறுவனத்திடம் கேட்டுவிட்டு உங்கள் ஆசையைப் பற்றிப் பேசலாம். அதற்குள் உங்கள் வீட்டில் காலையில் யார் கூண்டைக் கழுவுவார் என்பதையும் முடிவு செய்து வையுங்கள்.

மேலதிகாரி என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அப்படியே அது ஆணா பெண்ணா என்பதையும்.