படிப்புக்கும் மாரடைப்புக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: நான் கொத்தனார், வயது 56. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. பீடி, குடி இல்லை. ரத்த அழுத்தம் நார்மல் ஆனதும் மாத்திரையை விட்டுவிட்டேன். படிக்காதவர்கள்தான் மாரடைப்பில் அதிகம் இறக்கிறார்கள் என்று மகள் செய்தி வாசித்துக் காட்டினாள். உண்மையா?

பதில்: உண்மைதான். ஆனால் பள்ளிச் சான்றிதழைப் பார்த்தா ரத்தக்குழாய் அடைக்கிறது? இந்தியா உட்பட 20 நாடுகளில் நடந்து, 2019இல் வெளியான 'ப்யூர்' ஆய்வு ஒரு வேடிக்கையைச் சொன்னது. ஏழை நாடுகளில் படிப்புக் குறைந்தவர்களுக்கு மாரடைப்புக்கான ஆபத்துக் காரணிகள் மொத்தத்தில் குறைவு. ஆனாலும் இறப்பு அவர்களிடம்தான் அதிகம். கிடைத்த சிகிச்சை அப்படி.

2008இல் வெளியான 'கிரியேட்' ஆய்வு நம் நாட்டின் 89 மருத்துவமனைகளில் நடந்தது. அது வசதியை வைத்துப் போட்ட கணக்கு; படிப்பும் வசதியும் இங்கே பெரும்பாலும் ஒட்டியே போகின்றன. 30 நாளில் இறந்தவர்கள் ஏழைகளில் நூற்றுக்கு 8.2, வசதியானவர்களில் 5.5. சிகிச்சையில் இருந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் இந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

என்னிடம் ஒருவர் விடியற்காலையில் வந்தார். நெஞ்சுவலி தொடங்கியது முந்தைய இரவு. 'வாயு' என்று சோடா குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். அவர் மனைவி மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய சீட்டில் இருந்தது என் கையெழுத்து. ரத்த அழுத்த மாத்திரை, 30 நாள் என்று ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தேன். காய்ச்சல் மாத்திரையைப் போல முப்பது நாளில் முடித்துவிட்டார். தொடர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை அவருடைய அறியாமை என்று எழுதிவிட எனக்கு வாய் கூசுகிறது.

உங்கள் கதையும் அதுதான். மாத்திரை சாப்பிட்டதால்தான் நார்மல் ஆனது. இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அழுத்தத்தைப் பாருங்கள். மாத்திரை அங்கே இலவசம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். வேலை கெடும் என்ற சாக்கு வேண்டாம்.

நெஞ்சை அழுத்துவது போல வலி, வியர்வை, இடது கை அல்லது தாடை வரை வலி என்றால், சோடாவைத் தேடாமல் 108ஐ அழையுங்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

சீட்டு வாங்கும்போது மருத்துவரிடம் கேளுங்கள்: எத்தனை நாள்? தீர்ந்தால் என்ன செய்வது? அவர் முகம் சுளித்தாலும் பதில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.