கொண்டை ஊசியில் பின்தங்கும் கடைசி வண்டிகள்

குழுவாக பைக்கில் மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் கடைசி மூன்று பேர் பின்தங்குகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அவர்களை வேகமாக வரச் சொல்லி விரட்டாதீர்கள். மாற வேண்டியவர் முன்னால் போகிறவர்தான்.

12 பைக்குகளோடு கொல்லிமலை ஏறுவதாகச் சொல்கிறீர்கள். ஆளுக்கு 2 வினாடி இடைவெளி என்றால் முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவே 22 வினாடி. வளைவை விட்டு நிமிர்ந்ததுமே முன்னால் போகும் லீடர் 50 கி.மீ. வேகத்தைப் பிடித்தால், கடைசி ஆள் அதே இடத்துக்கு வரும்போது லீடர் 300 மீட்டர் தள்ளி, அடுத்த வளைவுக்குள் மறைந்திருப்பார். மொத்தம் 70 வளைவு! கண்ணில் படாதவரைத் துரத்தித்தான் புது ஆட்கள் கைக்கு மீறி முறுக்குகிறார்கள்.

வரும் ஞாயிறு இப்படிச் செய்து பாருங்கள்:

1. புதியவர்கள் 2, 3, 4-ஆவது இடத்தில். நன்றாக ஓட்டுபவர் கடைசியில். (அவர் முணுமுணுப்பார், விடுங்கள்.)
2. ஒவ்வொரு கொண்டை ஊசி முடிந்ததும் லீடர் 20 வினாடி 30-ஐத் தாண்டக் கூடாது. நான்காவது வண்டியின் விளக்கு கண்ணாடியில் தெரிந்த பிறகே ஆக்சிலேட்டர்.
3. மலையடிவாரத்தில் உள்ள காரவள்ளி வரை இடம் வலமாக மாறி மாறி வரலாம். அதற்கு மேல் ஒற்றை வரிசைதான். வளைவில் சாய அவரவருக்கு முழு லேன் வேண்டும்.

அப்படியும் பிரிந்தால் ஆறு ஆறாகப் பிரித்து, 5 நிமிடம் விட்டு அனுப்புங்கள்.

ஒன்று மட்டும்: காத்திருக்கிறேன் என்று வளைவில் நிறுத்தாதீர்கள். பஸ் திரும்ப முழு ரோடும் தேவை. இது ஏற்றத்துக்கான கணக்கு. இறக்கத்தில் இடைவெளியை 4 வினாடியாக்கி, இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள்.