பேச்சைக் கேக்கலைன்னா போதுமா?

கேள்வி: போன் கம்பெனியும் அரசாங்கமும் யார் யாருக்குப் பேசினாங்க, எப்போ, எந்த டவர்ல இருந்துன்னு மட்டும்தானே வெச்சிருக்காங்க, பேச்சை யாரும் ஒட்டுக்கேக்கலையே. தப்பு எதுவும் செய்யாத என்ன மாதிரி ஆளுக்கு இதுல என்ன நஷ்டம்? எதுக்கு பிரைவசி பிரைவசின்னு இவ்வளவு கூச்சல்?
(வாசகர் ஒருவர், திண்டுக்கல்)

பதில்: "மட்டும்தானே"ன்னு ரொம்ப சுலபமா சொல்லிட்டீங்க. பேச்சுலயாவது பொய் சொல்லலாம், சுத்தி வளைச்சுப் பேசலாம், கேக்குறவனுக்கு உங்க ஊர்த் தமிழ் புரியணும். நம்பர், நேரம், டவர் இந்த மூணும் பொய் சொல்லாது, அதுக்கு மொழியும் தேவையில்ல, கோடிப் பேரோட லிஸ்ட்டா இருந்தாலும் கம்ப்யூட்டர் சலிச்சு எடுத்துரும்.

அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆட்கள் 800 பேருக்கு மேல சம்மதம் வாங்கி அவங்க கால் லிஸ்ட்ட மட்டும் எடுத்து ஆராய்ச்சி பண்ணி 2016ல வெளியிட்டாங்க. அதுல ஒருத்தருக்கு இதய டாக்டர்கள் கிட்ட இருந்து நீளமா ஒரு கால் வருது, அப்புறம் லேப்போட சின்னச் சின்ன கால்கள், மருந்துக்கடையில இருந்து கால், கடைசியா இதயத்துடிப்பு பாக்குற கருவியோட ஹெல்ப்லைனுக்கு இவரே போன் பண்றார். இதுல ஒரு வார்த்தையக் கூட யாரும் கேக்கல, ஆனா அவருக்கு என்ன நோய்னு தெரிஞ்சுபோச்சு. இன்னொரு பொண்ணு காலங்காத்தால அக்கா தங்கச்சி யாருக்கோ ரொம்ப நேரம் பேசுது, ரெண்டு நாள் கழிச்சு குடும்பக்கட்டுப்பாடு கிளினிக்குக்கு வரிசையா போன் போகுது. இதுக்கு மேல நான் சொல்லணுமா? இந்த ரெண்டு பேரும் என்ன தப்பு செஞ்சாங்க, சொல்லுங்க பாப்போம்.

ஜெர்மனில மால்டே ஸ்பிட்ஸ்னு பசுமைக் கட்சிக்காரர் கேஸ் போட்டு, தன்னப் பத்தி போன் கம்பெனி சேத்து வெச்சிருந்த ஆறு மாசத் தகவலக் கேட்டு வாங்கினார், மொத்தம் 35,830 வரி. 2011ல அத ஒரு பத்திரிகை மேப்ல போட்டுக் காட்டுச்சு, எப்போ ரயில்ல போனார், எந்த ஊர்ல தூங்கினார், எல்லாம் அப்படியே ஓடுது. இப்படி எல்லாரோட தகவலையும் மொத்தமா சேத்து வைக்கச் சொன்ன ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்த அந்த ஒன்றியத்தோட நீதிமன்றமே 2014 ஏப்ரல்ல செல்லாதுன்னு தூக்கிருச்சு. அதே வருஷம்தான் அமெரிக்க உளவுத்துறைக்குத் தலைவரா இருந்த மைக்கேல் ஹேடன் மேடையிலயே, மெட்டாடேட்டாவ, அதாவது பேச்சு இல்லாம இந்த நம்பர், நேரம், டவர் மாதிரி தகவல மட்டும் வெச்சு நாங்க ஆளையே கொல்றோம்னு சொன்னார், சொந்த நாட்டு மக்கள் கிட்ட எடுக்குறத வெச்சு இல்லன்னு கூடவே சேத்துக்கிட்டார்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதைன்னு நினைக்காதீங்க. கால் லிஸ்ட்ட குறைஞ்சது ரெண்டு வருஷம் வெச்சிருக்கணும்னு 2021 டிசம்பர்ல நம்ம நாட்டுல போன் கம்பெனிகளுக்கான லைசென்ஸ் விதிய மாத்திட்டாங்க, முன்னாடி ஒரு வருஷம்தான். சேத்து வெச்சா யார் கைக்குப் போகும்னு கேட்டா, 2013ல ராஜ்யசபா எதிர்க்கட்சித் தலைவரா இருந்த அருண் ஜேட்லியோட கால் லிஸ்ட்ட திருட்டுத்தனமா எடுக்கப் பாத்த கேஸ்ல தனியார் டிடெக்டிவ்களோட ஒரு டெல்லி போலீஸ் கான்ஸ்டபிளும் கைதானார். அவ்வளவு பெரிய ஆளுக்கே இந்த நிலைமைன்னா, பொண்டாட்டி மேல சந்தேகப்படுறவன், ஊர்ல பகை வெச்சிருக்கிறவன் இவங்க கிட்ட இருந்து உங்களையும் என்னையும் யார் காப்பாத்துவா? 2017 ஆகஸ்ட்ல நம்ம சுப்ரீம் கோர்ட்டோட ஒன்பது நீதிபதிகள் ஒரே குரல்ல பிரைவசி அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க, ஆனா 2023ல வந்த டேட்டா பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசு தனக்கு வேணும்ங்கற துறைகளுக்கு, நாட்டோட பாதுகாப்பு, பொது ஒழுங்குன்னு காரணம் காட்டி, மொத்தமா விலக்கு குடுத்துக்கலாம்னு கதவத் திறந்தே வெச்சிருக்கு. நீங்க கூச்சல்னு சொல்றீங்களே, அது இந்தக் கதவச் சாத்தச் சொல்லித்தான், டவர் கணக்க நீங்களோ நானோ போன்ல எதையும் மாத்தி நிறுத்த முடியாது, சட்டந்தான் நிறுத்தணும்.

மத்ததுல நம்ம கையிலயும் கொஞ்சம் இருக்கு. வாட்ஸ்ஆப்ல மெசேஜ் பூட்டித்தான் போகுது, ஆனா நீங்க யார்கிட்ட எப்போ பேசுறீங்கங்கற கணக்கு அந்தக் கம்பெனிக்குத் தெரியும். அதே மாதிரி மெசேஜ் அனுப்புற சிக்னல் ஆப் கிட்ட 2016ல அமெரிக்காவுல கோர்ட் மூலமா கேட்டப்போ, அக்கவுன்ட் ஆரம்பிச்ச நேரம், கடைசியா கனெக்ட் ஆன தேதி, இந்த ரெண்டத்தான் குடுக்க முடிஞ்சுது, ஏன்னா அவங்க வேற எதையும் சேத்து வைக்கல. லொகேஷன் பர்மிஷன மேப் மாதிரி நிஜமா தேவைப்படுற ஆப்புக்கு மட்டும் குடுங்க, அதுவும் திறந்திருக்கும்போது மட்டும்னு வைங்க, ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்ல விளம்பர ஐடிய, அதாவது விளம்பரக் கம்பெனிங்க உங்க போன அடையாளம் கண்டுக்குற நம்பர, டிலீட் பண்ணிருங்க. ஜவுளிக்கடையில பில் போடும்போது நம்பர் சொல்லுங்க சார்னு கேட்டா, வேணாம் பில்ல மட்டும் குடுங்கன்னு கேளுங்க, நம்பர் குடுத்தாத்தான் ஆச்சுன்னு கடைக்காரங்க கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 2023 மே மாசமே மத்திய நுகர்வோர் துறை சொல்லிருச்சு.