அவன் பேரை க்ரூப்ல போடறதுக்கு முன்னாடி அவகிட்ட கேட்டீங்களா?

கேள்வி: தென்னாப்பிரிக்கால டர்பன் யுனிவர்சிட்டில மூணாவது வருஷம் படிக்கிறேன் அக்கா. எங்க க்ளாஸ் பொண்ணு ஒருத்தி, லவ்வரை விட்டு விலகி ரெண்டு மாசம் ஆச்சு. அவன் இன்னும் தினமும் சாயங்காலம் ரெசிடென்ஸ் கேட்டுக்கு எதிர்ல கார்ல வந்து உக்காந்திருக்கான், புதுப்புது நம்பர்ல இருந்து அவளுக்கு மெசேஜ் வருது. அவன் ஃபோட்டோவை கேம்பஸ் க்ரூப்ல போட்டு மானத்தை வாங்கிடலாம்னு பசங்க சொல்றாங்க. போடலாமா?

பதில்: தம்பி, உங்க கோபம் நியாயம்தான், ஆனா போடாதீங்க. முதல்ல அவகிட்ட கேளுங்க. ஃபோட்டோ போட்டா அவன் யாருன்னு மட்டுமா தெரியும், அவ யாருன்னும் அரை மணி நேரத்துல சாட்ஸ்வர்த்ல இருக்கற அவ ஆயா வரைக்கும் போயிடும், அப்புறம் "படிச்சது போதும் வீட்டுக்கு வா"ன்னு சொல்லுவாங்க, தப்பு பண்ணவன் பாட்டுக்கு க்ளாஸுக்குப் போவான். 2016-ல ரோட்ஸ் யுனிவர்சிட்டில பாலியல் வன்முறை பண்ணதா சொல்லப்பட்ட 11 பசங்களோட பேர் லிஸ்ட்டா வெளிய வந்து பெரிய போராட்டமே நடந்துச்சு, கடைசில போராட்டத்துல நின்ன ரெண்டு பொண்ணுங்களைத்தான் 2017-ல நிரந்தரமா வெளிய அனுப்பினாங்க. எனக்கு இன்னும் ஆறல அது.

அதுக்குப் பதிலா அவளுக்கு ஒரு சின்ன நோட்டு வாங்கிக் குடுங்க. தேதி, மணி, கார் நம்பர், கூட யார் இருந்தாங்க, அவ்வளவுதான். "செவ்வாய் 6.40, வெள்ளை போலோ, கேட்டுக்கு எதிர்ல, 25 நிமிஷம்." இப்படி பத்து வரி இருந்தா கோர்ட்ல யாரும் "சும்மா பயப்படறா"ன்னு தள்ள முடியாது. மெசேஜை டெலீட் பண்ணவே கூடாது, நம்பரும் தேதியும் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்ககிட்டயும் ஒரு காப்பி வைங்க.

லவ் பண்ணி விலகினதால 1998 குடும்ப வன்முறைச் சட்டத்துலயே ப்ரொடெக்ஷன் ஆர்டர், அதாவது அவன் தொல்லை பண்ணக் கூடாதுன்னு கோர்ட் உத்தரவு, கேக்கலாம், கல்யாணம் ஆகியிருக்கணும்னு இல்ல, டேட்டிங்கும் அதுல வருது. முன்ன பின்ன தெரியாத ஆள் தொல்லை பண்ணா 2011 ஹராஸ்மென்ட் சட்டம் இருக்கு, மெசேஜ் அனுப்பறவன் யாருன்னே தெரியாட்டாலும் நம்பர் யாரோடதுன்னு சொல்லச் சொல்லி கோர்ட்டே ஃபோன் கம்பெனிக்கு உத்தரவு போடலாம். ரெண்டுக்கும் பக்கத்து மேஜிஸ்ட்ரேட் கோர்ட்தான், வக்கீல் வேண்டாம், க்ளார்க்கே ஃபாரம் குடுப்பாங்க. ஆர்டரோட சேர்த்தே ஒரு வாரன்ட்டும் எழுதி வெச்சிருப்பாங்க, அவன் மீறினா போலீஸ் பிடிக்கலாம்.

அவளைப் பலாத்காரம் பண்ணிட்டான்னா நோட்டு, ஃபாரம் எல்லாம் அப்புறம். சாட்ஸ்வர்த் ஆர்கே கான், ஃபீனிக்ஸ் மகாத்மா காந்தி ஆஸ்பத்திரிகள்ல துத்துசேலா சென்டர் இருக்கு, டாக்டர், கவுன்சிலர், போலீஸ் எல்லாம் ஒரே இடத்துல. குளிக்காம, துணி துவைக்காம போகணும். எச்ஐவி தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், அதுக்கு போலீஸ் கேஸ் குடுத்தே ஆகணும்னு இல்ல. ராத்திரி எந்நேரமும் வன்முறைக்கான ஹெல்ப்லைன் 0800 428 428-க்கு கூப்பிடலாம், காசு ஆகாது.

அப்புறம் தம்பி, உங்க பசங்க விஷயம். 2019-ல கேப்டவுன்ல போஸ்ட் ஆபீஸுக்கு பார்சல் வாங்கப் போன 19 வயசு காலேஜ் பொண்ணு உயினெனே திரும்பி வரல, கொன்னுட்டாங்க, அப்ப பார்லிமென்ட் முன்னாடி போய் நின்னது உங்க வயசு ஸ்டூடன்ட்ஸ்தான். அது பெரிசு. ஆனா கேட்டுக்கு எதிர்ல கார்ல உக்காந்திருக்கற அந்தப் பையனுக்கும் கூட்டாளிங்க இருப்பாங்கல்ல, அவன் அவளோட மெசேஜைக் காட்டி சிரிக்கும்போது பக்கத்துல இருக்கறவன் "போதும் ப்ரூ, அவ வேணாம்னு சொல்லிட்டா"ன்னு ஒரு வார்த்தை சொல்றது இருக்கே, அது இன்னும் கஷ்டம், அதை ஒரு பொண்ணால செய்ய முடியாது, உங்களாலதான் முடியும். அவனைப் போய் அடிக்காதீங்க, கேஸ் உங்க மேல திரும்பிடும்.

கோர்ட்டுக்குப் போற நாள் அவ ஐடி, நோட்டு, ஃபோன் சார்ஜர் எடுத்துக்கட்டும், காலையிலேயே போயிடுங்க, க்யூ நீளமா இருக்கும். கூட ஒரு பொண்ணும் வரட்டும். உள்ள அவ பேசட்டும், நீங்க வெளிய பெஞ்சுல இருங்க, அன்னிக்கு லெக்சர் நோட்ஸ் எடுத்து வைக்க க்ளாஸ்ல ஒருத்தனை நிறுத்திட்டுப் போங்க.